நிஷிகாதா ஒழித்த உதறல்

ஹமாமட்சு நகரில் ஒரு கார் கம்பெனியின் எஞ்சின் பிரிவில் நிஷிகாதா ஆறு வருஷமாகச் செய்தது யாருக்கும் தெரியக்கூடாத வேலை. ரகசியம் எதுவும் இல்லை. சரியாக முடிந்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, அவ்வளவுதான்.

நாலு சிலிண்டர் எஞ்சின். மெதுவாகப் போகையில் அதன் வால்வுகள் கொஞ்சமாகத் திறந்தால் போதும். விரட்டும்போது அதிகமாக, கூடுதல் நேரம் திறக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு எஞ்சின் தானே மாறும் கணத்தில் வண்டி ஓர் உதறு உதறும். அந்த உதறலை ஒழிப்பது அவர் பொறுப்பு. மனைவி தொமொயேவுக்குக் காரில் ஏறினாலே குமட்டும் என்பதை ஆபீசில் அவர் சொன்னதில்லை.

ஒருவழியாக உதறல் ஒழிந்தது. சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க இயக்குநர் ஹபுகா வந்தார். அவர் சரி என்றால் அப்படியே விற்பனைக்குப் போகும்.

"எப்பய்யா மாறும்?"

"மாறிடுச்சுங்க. மூணு தடவை."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"ஆமாங்க," என்றார் நிஷிகாதா. வாழ்க்கையில் அவர் பெருமையடித்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

ஹபுகா வண்டியை ஓரங்கட்டினார். "கூடக் காசு குடுக்கிறவன், முதுகுல யாரோ தள்ளுற மாதிரி இருக்கணும்னு நெனைப்பான். இது எங்க மாமியார் வீட்டு சோபா மாதிரி இருக்கு. கொஞ்சம் உதைக்கட்டும்யா."

மறுத்துப் பேசத்தான் நிஷிகாதா வாயைத் திறந்தார். "தப்பு என்னோடதுங்க" என்று வந்தது. சீட் பெல்ட் விட்ட அளவுக்குக் குனிந்து வணங்கவும் செய்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, நிஷிகாதா-சான்?" என்றான் கேன்டீனில் கூட வேலை பார்க்கும் ஓயாமா.

"சொன்னா?"

"புல்வெட்டி எஞ்சின் பிரிவுக்கு மாத்துவாங்க. அங்க எவ்வளவு உதறினாலும் கேக்க ஆளில்ல. நிம்மதி."

ஆறு வருஷம் பாடுபட்டு ஒழித்த உதறலை நிஷிகாதா ஒரே மத்தியானத்தில் திரும்பக் கொண்டுவந்தார். கெடுப்பது இத்தனை சுலபம் என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. ஹபுகா மறுபடி ஓட்டினார், தோளில் தட்டி, "இதுதான்யா வேலை!" என்றார். பத்திரிகைகளும் அந்த உதைப்பைத்தான் புகழ்ந்தன. நிஷிகாதாவுக்குப் பதவி உயர்வு.

கம்பெனிக்காரன் கம்பெனிக் காரைத்தான் வாங்க வேண்டும். அந்த எஞ்சின் வைத்ததையே வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தொமொயேவை ஏரிப் பக்கம் அழைத்துப்போய்த் திரும்புகையில், லாரி ஒன்றைத் தாண்ட ஓர் அழுத்து அழுத்தினார். வண்டி உதைத்தது. அவள் கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, வண்டில ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல. நான் பண்ணதுதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆறு வருஷமா இதத்தான் பண்ணீங்களா?"

முன்னால் இன்னொரு லாரி வந்தது. நிஷிகாதா அதைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன்கள் அலற, வீடு வரை அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்தார்.