தானே எழுதிக்கொண்ட வில்லங்கம்

நாற்பத்தெட்டாவது வயதில் வீடு வாங்கப் புறப்பட்டபோது, அதில் குடியிருக்கும் எண்ணம் இன்னாசியம்மாளுக்குத் துளியும் இல்லை. வாடகைக்கு விடவேண்டும், அவ்வளவுதான். குடியிருக்க அவளுக்கு இடம் இருந்தது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறையில் இருபத்தாறு வருஷமாக இருந்துவந்தாள். கொடைரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, கட்டினவன் காலராவில் போன பிறகு, அங்கே பாத்திரம் தேய்க்க வந்தவள். பிறகு காய் நறுக்கினாள், உலை வைத்தாள். கடைசியில் நூற்றிருபது பிள்ளைகள் சாப்பிடும் குழம்புக்கு உப்புப் போடும் அதிகாரம் அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த அறை கை ஓடும்வரைக்கும்தான். அவளுக்கு முன்னால் பெரிய சமையல்காரியாக இருந்த சிவனம்மாளுக்குக் கண் மங்கியதும், தாடிக்கொம்பில் இருந்த அண்ணன் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசியம்மாள் அவளைப் பார்க்கப் போனாள். மாட்டுக்கொட்டத்தை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். "சோத்துக்குக் குறையில்ல இன்னாசி. ஆனா ஒவ்வொரு வாட்டியும் கேட்டுத்தேன் வாங்கணும்" என்றாள் சிவனம்மாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதே இன்னாசியம்மாள் முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் கேட்காமல் மாதாமாதம் கைக்கு வருகிற மாதிரி ஏதாவது ஒன்று தனக்கு வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் அவளுடைய தம்பி பூர்வீக நிலத்தை விற்று, அக்காளுக்கென்று ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். தபால் ஆபீஸில் அவள் போட்டுவைத்திருந்ததையும் சேர்த்தால் ஒரு சின்ன வீடு தேறும் என்று புரோக்கர் ராமர் சொன்னார்.

திண்டுக்கல்லில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பதில்லை. கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். இன்னாசியம்மாள் எட்டிப் பார்த்ததோடு விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தூக்குப்போணி தண்ணீர் கேட்டு வாங்கி விடுதிக்குக் கொண்டுவந்தாள். அதில் ஒரு பிடி துவரம்பருப்பை வேகவைத்தாள். முதல் இரண்டு வீட்டுத் தண்ணீரிலும் பருப்பு கல்லாக நின்றது. மூன்றாவது, மேட்டுப்பட்டிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. முன்னால் இரண்டு குடித்தனம் இருக்கலாம். பின்னால் ஒரு தனி அறை, அதையொட்டிக் கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்பு மலர்ந்து வெந்தது.

வீட்டுக்காரன் வேலுசாமி, கோயமுத்தூர் மில்லில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பத் தயாராக இருந்தான். பின்னறை பூட்டிக் கிடந்தது. உள்ளே விறகு இருக்கிறது என்றான். கிணற்றடியில் ஒரு பெண் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். யாரென்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுப் பொம்பளை, தண்ணிக்கு வரும் என்றான். கோடையில் தண்ணீர் எப்படி என்று இன்னாசியம்மாள் அவளைத்தான் விசாரித்தாள். அந்தப் பெண் வேலுசாமியை ஒரு முறை பார்த்துவிட்டு, "வத்தாது" என்று மட்டும் சொன்னாள்.

பத்திரம் எழுதும் நூர் அகமது நாணயமான மனிதர். அவசரப்படுத்தாதீர்கள் என்று ராமரை உட்காரவைத்துவிட்டு, ரிஜிஸ்தர் ஆபீஸில் மனுப் போட்டு முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்தார். அடமானம் இல்லை, பங்காளி பாத்தியதை இல்லை, கோர்ட்டு வழக்கு இல்லை. பயப்படாமல் வாங்கலாம் என்றார். பத்திரம் பதிவான அன்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த இன்னாசியம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வீட்டைக் கூட்டி மெழுகலாம் என்று விளக்குமாற்றோடு போனாள். பின்னறை திறந்திருந்தது. விறகு எதுவும் இல்லை. கிணற்றடியில் பார்த்த அதே பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பெயர் ஒச்சம்மாள், வேலுசாமியின் கூடப்பிறந்த அக்காள். புருஷன் வேறொருத்தியோடு போனபின் பதினெட்டு வருஷமாக அந்த அறையில்தான் இருக்கிறாள். ஒரு மாதத்தில் வந்து அழைத்துப்போவதாகத் தம்பி சொல்லியிருக்கிறானாம்.

இன்னாசியம்மாள் கோபத்தில் விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள். ராமரிடம் போனாள். ரெண்டு ஆளை விட்டுச் சட்டிபானையைத் தெருவில் வைத்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது என்றார் அவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வேலுசாமிக்குக் கடிதம் எழுதிப் போட்டாள். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. பதிலும் இல்லை, ஆளும் இல்லை.

இதற்கிடையில் முன்வீட்டில் ஒரு பாதிக்குக் குடித்தனம் வந்தது. ஞானராஜ், ஆரம்பப் பள்ளி வாத்தியார். புதிதாகக் கல்யாணமானவர். மூன்றாம் நாளே விடுதிக்கு வந்து, சங்கடத்தோடு நெளிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். கிணற்றுக் கயிற்றைப் பின்னறை அம்மா உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறதாம். அவருடைய மனைவி தெருக்குழாயில் வரிசையில் நிற்கிறாளாம்.

பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு பரிமாறி முடிந்ததும் முந்தானையை இடுப்பில் செருகியபடியே இன்னாசியம்மாள் கிளம்பினாள். வழியெல்லாம் பேசவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே நடந்தாள்.

ஒச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கயிறு மடியில் சுருண்டு கிடந்தது.

"கயித்தக் குடு" என்றாள் இன்னாசியம்மாள்.

"குடுத்துட்டா எனக்கு இங்க என்ன இருக்கு?"

"கெணறு எம்பேருல இருக்கு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்கய்யா இதை வெட்டையில எனக்குப் பதினோரு வயசு. அம்புட்டு மண்ணையும் நாந்தேன் சொமந்தேன். அந்த மண்ணைக் கொழைச்சுத்தேன் முன்வீட்டுச் செவரு வச்சாக."

இன்னாசியம்மாள் முன்வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு வீடு பார்க்க வந்தபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பொம்பளைன்னு அவன் சொன்னான். நான் கேட்டுக்கிட்டுத்தேன் நின்னேன். இல்ல, நான் இவன் அக்கான்னு சொல்லிருந்தா நாலு பேருக்கு முன்னால எந்தம்பி மொகம் என்னாகும்?"

துவைகல்லில் இன்னாசியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். கொட்டத்தை ஒட்டிக் கிடந்த சிவனம்மாளின் கட்டில் அவளுக்குக் கண்முன்னால் வந்தது. விடுதியில் தன் அறைச் சாவிகூடத் தன்னிடம் இல்லை, ஆபீஸ் அறை ஆணியில் தொங்குகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. "நாளைக்குக் காலையில ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் எங்கூட வரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஒச்சம்மாள் கயிற்றை எடுத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள்.

மறுநாள் அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து இன்னாசியம்மாள் திகைத்துப்போனாள். ஒரு கையில் துணிமூட்டை, இடுப்பில் ஈயப்பானை, தோளில் சுருட்டிய பாய். அறையைக் கூட்டிப் பெருக்கிச் சாணி மெழுகிவிட்டு வந்திருந்தாள். ஆபீசர் முன்னால் எழுதிவாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கு நினைப்பு. என்ன சொல்லியும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

நூர் அகமது விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னறையில் ஒச்சம்மாள் தன் ஆயுசு உள்ளவரை குடியிருக்கலாம், கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், இன்னாசியம்மாளோ அவள் வாரிசுகளோ வாங்குகிறவர்களோ தடுக்கக்கூடாது. இதைப் பத்திரமாக எழுதிப் பதிய வேண்டும் என்பதுதான் இன்னாசியம்மாள் கேட்டது.

"சுத்தமான சொத்தும்மா. நாந்தான் பாத்துக் குடுத்தேன். இப்ப நீங்களே அதுக்கு ஒரு வில்லங்கத்தத் தேடிக்கிறீங்க. நாளைக்கு விக்கணும்னா வெலை போகாது."

"விக்கவா வாங்குனேன் பாய்? வீட்டுக்குள்ள இருக்குறது பத்திரத்துலயும் இருக்கட்டும். எழுதுங்க."

எழுதி முடித்து அவர் வாசித்துக் காட்டினார். ஒச்சம்மாளுக்கு அந்த நடை புரியவில்லை. இரண்டாம் முறை, பேச்சு வழக்கில் மெதுவாகச் சொன்னார். அவள் பானையை இறக்கி வைத்தாள். பாயை இறக்கினாள். பெருவிரலை நீட்டியபோது மைக்காரப் பையன் விரலைப் பிடித்து உருட்டினான். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் பாயை இன்னாசியம்மாள் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வாடகைக்கு விடுவது எப்படி என்று இன்னாசியம்மாள் கற்றுக்கொண்டாள். வருமானம் வருவதற்கு முன்னால் வீடு செலவு கேட்கும் என்று தெரிந்தது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றாவிட்டால் பிறகு சுவரையே மாற்றவேண்டி வரும். ஒரு பாதி நாலு மாதம் காலியாகக் கிடந்தது. அதற்கு வந்த ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. விடுதி வேலையை விட்டுவிட்டு அவளால் இதையெல்லாம் ஓடி ஓடிப் பார்க்க முடியவில்லை. ஒச்சம்மாள் தானாகவே பார்க்க ஆரம்பித்தாள். வீடு கேட்டு வருகிறவர்களை அவள்தான் சுற்றிக் காட்டுவாள். சாதி என்ன என்று கேட்கமாட்டாள், கிணற்றடியில் சோப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவாய் என்று கேட்பாள். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடிப்பாள். மாதம் பிறந்தால் வாடகையை முந்தானையில் முடிந்து விடுதிக்குக் கொண்டுவருவாள். முதல் வருஷம் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாம் வருஷம் உள்ளே வந்து காப்பி குடித்தாள். மூன்றாம் வருஷத்திலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டாள்.

வேலுசாமி கடைசிவரை வரவில்லை. தீபாவளிக்கு ஒரு முறை சேலை அனுப்பினான். ஒச்சம்மாள் அதைத் திருப்பி அனுப்பவுமில்லை, உடுத்தவுமில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் இன்னாசியம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. விடுதியில் பிள்ளைகள் பாட்டுப் பாடி, ஒரு சேலையும் குடையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். முன்வீட்டில் ஒரு பாதியைக் காலி செய்யச் சொல்லி அங்கே இருந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. வந்து பார்த்தால், ஞானராஜின் மனைவி எட்டு வருஷம் கழித்துப் பெற்ற பெண்குழந்தையோடு படுத்திருந்தாள். பிறந்து பன்னிரண்டு நாள். அடுத்த பாதியில் மாமியாரோடு ஒரு தையற்காரர் குடும்பம், ஏழு பேர். எந்த வாயால் கிளம்பச் சொல்வது?

டிரங்குப் பெட்டியைத் துவைகல்மேல் வைத்துவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றாள். வீட்டுக்காரியே ஆனாலும், எழுதிக்கொடுத்த பத்திரப்படி அந்த அறையில் அவளுக்கு இடமில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"ஒச்சம்மா, செத்த நாளைக்கு நானும் இங்கன இருந்துக்கிரட்டுமா?"

ஒச்சம்மாள் உள்ளே போனாள். அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வெளியே வந்து கிணற்றோரம் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "என்னக்கா கேள்வி இது? பெட்டிய எடு. ரெண்டு பாய் விரிக்க எடமிருக்கு."

கொஞ்ச நாள் என்று கேட்டது வருஷக்கணக்கில் நீண்டது. வெள்ளிக்கிழமை ஒச்சம்மாள் மாரியம்மனுக்காகக் கவுச்சி தொடமாட்டாள். இன்னாசியம்மாளும் தன் கத்தோலிக்க வேதத்துக்காக அன்றைக்குத் தொடமாட்டாள். அதனால் அடுப்பில் தகராறு வரவில்லை. தகராறு வேறு விதத்தில் வந்தது. நூற்றிருபது பேருக்குப் பொங்கிப் பழகிய கை, இரண்டு பேருக்கு அரிசி அளக்கத் தெரியாமல் தவித்தது. முதல் வாரம் முழுக்க, தையற்காரர் வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் குண்டான் குண்டானாகச் சோறும் வெஞ்சனமும் போயின. பிறகு தினமும் ஒச்சம்மாளே அரிசியை அளந்து முறத்தில் போட்டு வைத்தாள். புளி கரைப்பதையும் உப்புப் போடுவதையும் மட்டும் அக்காளுக்கு விட்டுவிட்டாள்.