துருவி அக்காவும் நாற்பத்தொரு மதிப்பெண்களும்

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் மதிப்பெண் மறுபரிசீலனை விண்ணப்பங்களை வாங்கும் அக்காவுக்குத் துருவி என்று பெயர் வைத்தது, அங்கேயே வேலை பார்க்கும் நான்தான். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டார். அவர் இல்லாத நேரத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காதில் விழுந்துவிட்டது. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "இத முதல்ல சொன்னது யாரு? எப்போ? எதுக்காக?" என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

அவர் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கும். அந்த ஜன்னலைக் கட்டிய புண்ணியவான் ஓட்டையை இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டான். நியாயம் கேட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் குனிந்துதான் கேட்க வேண்டும். அக்கா சண்டை போட்டு வெளியே ஒரு ஸ்டூல் போடவைத்தார். அதில் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுதும் முதல் வார்த்தை "அநியாயம்". அக்கா சொல்லும் முதல் வார்த்தை, "அத அடிச்சுடு."

"எந்தக் கேள்வி, எந்தப் பக்கம், எவ்வளவு குறையுது? அத எழுது. முதல்ல பாடம் எடுத்தவர எழுத்துல கேளு. பதில் வரலன்னா துறைத்தலைவர். அங்கயும் நடக்கலன்னா இந்த ஜன்னல். ரிசல்ட் வந்து பதினஞ்சு நாளுக்குள்ள. எல்லாத்துக்கும் ஒரு நகல் வச்சுக்கோ."

"அந்த சாருக்கு என்னக் கண்டாலே ஆகாது மேடம்" என்று ஒருவன் புலம்பினான். "இருக்கும்ப்பா. அது பேப்பர்ல எந்த இடத்துல தெரியுது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவனும் யோசித்து ஒரு பக்கத்தைக் காட்டினான். மூன்றாம் கேள்விக்கு மதிப்பெண்ணே போடாமல் விட்டிருந்தார்கள்.

அக்காவின் ஒரே மகன் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே கடைசி வருடம் படித்தான். படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்துவிட்டது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் அடுத்த மாதம் முதல் தேதி சேரலாம். ரிசல்ட் வந்தது, தேறிவிட்டான். அவன் எப்போதும் தடுமாறும் ஆய்வகப் பாடத்தில்கூட எண்பத்திரண்டு. அக்கா எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வேலைக்குப் போட்டுக்கொள்ள அவனுக்கு இரண்டு சட்டையும் எடுத்தாயிற்று.

பதினைந்தாம் நாள் மத்தியானம் அவனுடன் படித்த ஒரு பெண் வந்தாள். அதே ஆய்வகப் பாடத்தில் அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று இருந்தது.

"பத்து ஆய்வும் செஞ்சேன் மேடம். கடைசித் தேர்வும் எழுதுனேன். சாரக் கேக்கலாம்னா அவர் வேலைய விட்டுப் போயிட்டாரு. துறைத்தலைவர், இங்க வந்து கேளுன்னுட்டார்."

தேர்வன்று கையெழுத்துப் போட மறந்திருப்பாள், இந்த மாதிரி நூறு பேரைப் பார்த்தாயிற்று என்று நான் முணுமுணுத்தேன். அக்கா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளுடைய ஆய்வக நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆசிரியரின் கையெழுத்து பத்து இடத்திலும் இருந்தது.

"பத்து தடவ வந்தவ எப்படி வராமப் போவா?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? "எப்படி"யில் மாட்டினால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலையில் கணினியில் அந்த வகுப்பின் பட்டியலைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். அந்தப் பெண்தான் கடைசி. விரல் பதினாலில் நின்றது.

"தம்பி, இந்தப் பையன் பாதியிலயே படிப்ப விட்டுட்டான்ல? சான்றிதழ் வாங்க வந்தப்ப நான்தானே கையெழுத்து வாங்குனேன்?"

"ஆமாக்கா."

"எழுபத்தொண்ணு எடுத்திருக்கானே!"

"வராமலே பாஸா? குடுத்து வச்சவன்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆசிரியர் கையால் எழுதிக் கொடுத்த மூலப் பட்டியலை பீரோவிலிருந்து எடுக்கச் சொன்னார். அதில் நாற்பத்தொரு பேர்தான் இருந்தார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் ஏற்றும்போது ஒருவர் வாசிப்பார், ஒருவர் தட்டச்சு செய்வார். மாணவரின் பதிவு எண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது விதி. ரிசல்ட் நெருக்கடியில் யார் அதையெல்லாம் வாசித்தது? வெறும் மதிப்பெண்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். அந்தப் பட்டியலை வாசித்தது நான்தான். நாலே நிமிஷத்தில் முடித்தேன் என்று பெருமை வேறு. படிப்பை விட்டவன் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, எங்களுடையதில் இருந்தது. அதனால் பதினாலிலிருந்து ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் மதிப்பெண் போய்விட்டது. கடைசிப் பெண்ணுக்கு மிச்சம் எதுவும் இல்லாததால் கணினி அவளை வராதவள் ஆக்கிவிட்டது.

கூடுதலாகக் கிடைத்தவர்கள் எதற்கு வாயைத் திறக்கப்போகிறார்கள்? குறைந்தவர்கள் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். அக்கா இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, அடியில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். முப்பத்தொன்றில் ஸ்கேல் நகரவில்லை. அது அவர் மகன். கணினியில் எண்பத்திரண்டு, ஆசிரியர் எழுதியது நாற்பத்தாறு. தேற ஐம்பது வேண்டும்.

பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு மட்டும் திருத்திடுவோம். விண்ணப்பம் போட்டது அவ ஒருத்திதானே?" என்றேன். பாதி அவருக்காக, பாதி என் தலை தப்ப வேண்டும் என்று.

எங்கள் பிரிவு அதிகாரியும் அதையே சொன்னார். மகன் விஷயம் அவருக்குத் தெரியாது. "கேட்டவங்களுக்குக் குடுத்து ஃபைல முடிங்கம்மா. கேக்காதவங்கள எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"சார், இருபதாம் நம்பர் பையன் ஃபெயில்னு இருக்கான். அவன் நிஜமா எடுத்தது அறுபத்து மூணு. அவனுக்குத் தெரியாது, அதனால கேக்கல. நமக்குத் தெரியுமே சார்."

அக்கா முழுப் பட்டியலையும் திருத்தக் கோரிக் குறிப்பு எழுதினார். கடைசி வரி இது: "31ஆம் எண் என் மகன். ஆகவே இதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும்." அதிகாரி அந்த வரியை இரண்டு முறை வாசித்தார், அக்காவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாசித்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். அதையாவது செய்யாவிட்டால் நானெல்லாம் என்ன மனுஷன்?

மறுநாள் அக்கா வந்ததும், "பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தான். கத்துவான்னு நெனச்சேன், கத்தல. இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வச்சான். 'எனக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கே தெரியும்மா'ன்னான். மூணு ஆய்வு செய்யவே இல்லையாம். கடைசித் தேர்வுலயும் எதுவும் ஓடலயாம்."

வேலை கொடுத்த இடத்துக்கு அவனே ஃபோன் செய்து சொல்லிவிட்டானாம். துணைத் தேர்வு வரைக்கும் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஊர்ல இருக்கறவங்க மார்க்கெல்லாம் எப்படி வந்துச்சுன்னு கேப்பியே, என்கிட்டயும் கேப்பேன்னு ரெண்டு நாள் பயந்துக்கிட்டே இருந்தேம்மா. நீ கேக்கவே இல்ல'ன்னான்."

அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"கேக்கணும்னு தோணவே இல்ல தம்பி" என்றார்.