இடது சிறகில் ஒரு பொட்டு

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் சுவரோரப் பலகைகளில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் முறை வருகிறவர்கள் அவற்றைப் பார்த்ததும் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இவர் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கிற மனிதர்.

பட்டறையை மூடிவிட்டால் அவருக்கு அந்துப்பூச்சிப் பைத்தியம். குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கத் தொடங்கியதும் கொல்லைப்புறத்தில் ஒரு மரப்பெட்டியை வைப்பார். மேலே விளக்கு, அதன் கீழே புனல், உள்ளே முட்டை அடுக்கும் அட்டைகள். விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் புனலில் வழுக்கி விழுந்து அட்டைக் குழிகளில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து, எண்ணி, பதிவேட்டில் எழுதி, புதரில் விட்டுவிடுவார். பதினோரு வசந்தங்களாக ஒரு காலை தவறியதில்லை. வருடக் கடைசியில் பதிவேடு பூச்சி ஆர்வலர் சங்கத்துக்குப் போகும். அங்கே சரிபார்க்கிற அம்மாள், உப்புக்கல் அளவு சந்தேகம் வந்தாலும் பக்கத்தையே அடித்துவிடுவார்.

ஒரே பூச்சியை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் கலவையை மெல்லிய தூரிகையில் தொட்டு, சிறகில் ஒரு புள்ளி. இந்த வருடம் வலது சிறகு என்றால் அடுத்த வருடம் இடது.

"பொட்டு வெச்சாச்சா? இனி பூவும் வெச்சு அனுப்புங்க," என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

கேலி செய்தாலும் போன வசந்தத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். இரண்டு கண்ணையும் அடுத்தடுத்துச் செய்ததில் மூன்று வாரம் கட்டும் இருட்டுமாகப் போயிற்று. கொல்லையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அவளே பெட்டியைத் திறந்து, "சாம்பல் கலரு, நடுவுல நெளிஞ்ச கோடு," என்று சொல்லச் சொல்ல, இவர் பூச்சியின் பெயரைச் சொல்வார். அவள் எழுதி, பொட்டும் வைப்பாள். போன வருடம் இடது சிறகு. இடதுகைக்காரியான அவளுக்கு அது தோதாகவும் இருந்தது.

இந்த வசந்தத்தின் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டையைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நெளிகோட்டுச் சாம்பல் ஒன்று. அதன் இடது சிறகில் ரோஸ் பொட்டு.

சங்கத்து அம்மாளுக்கு போன் போட்டார்.

"சார், அந்தப் பூச்சிக்கு ஆயுசே மூணு வாரம். போன வருஷத்துப் பூச்சி எப்படி சார் வரும்? பக்கம் மாத்தி வெச்சிருப்பீங்க."

"வைக்கலைம்மா."

"அப்ப அந்தப் பக்கத்தையே அடிச்சிடுங்க சார்," என்றார் அந்த அம்மாள்.

புதன்கிழமை இரண்டு. வியாழக்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை ஒன்றைத் தொட்டபோது பொட்டு விரலில் ஒட்டியது. ஈரம். பட்டறையில் வீசுகிற அதே காரமான மருந்து நெடி. செத்துப்போன வருடத்திலிருந்து யாரோ அன்றைக்குக் காலையில்தான் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பேய் பிசாசு எல்லாம் அவர் நினைப்பில் இல்லை, அண்ணன்தான் இருந்தார். அண்ணனுக்கும் மறதி இதே வயதில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் தன் வீட்டு வாசலில், தன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். நாமும் விடியற்காலையில் எழுந்துபோய்ப் பொட்டு வைத்துவிட்டு, வந்து படுத்து, மறந்துபோகிறோமோ? அப்படியானால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்த எண்ணத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. விரல்களைப் பார்த்தார். ரோஸ் கறை இருந்தது. அது முப்பது வருடமாக இருக்கிற கறை, அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

மனைவியிடம் கேட்டார். "பெட்டியை நீ ஏதாவது தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க பூச்சியும் நீங்களும்!" என்றாள். அதில் பொய் இல்லை. பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சிவக்கும், அது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார். தூரிகையையும் கலவையையும் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இரண்டு சாவியையும் உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆளிடம் கொடுத்தார்.

"நானே கேட்டாலும் குடுக்காத."

"பூச்சிக்கு லாக்கரா! நல்லாயிருக்கு," என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளையே திறக்கச் சொன்னார். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே இருபத்து மூன்று பூச்சிகள். இருபத்து மூன்றிலும் இடது சிறகில் பொட்டு.

"அட, எல்லாம் அலங்காரம் பண்ணிக்கிட்டு வந்திருக்கு," என்று அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். சாவி தன்னிடம் இல்லை, ஆகவே தான் இல்லை! தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. இரண்டு தோசைக்குப் பதில் நான்கு சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான், சாவி யாரிடம் இருந்தது என்ற மீதிக் கணக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. குழாயை மூட மறந்து நின்றார்.

மறுநாள் வெளுக்கிற நேரத்தில் பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. பட்டறை வழியாக, வாயைப் பிளந்த தாடைகளைத் தாண்டி, பின்கதவு வரை வெறுங்காலோடு போனார்.

கொல்லையில் அந்த நாற்காலி போடப்பட்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் அவள் குந்தியிருந்தாள். இடது கையில் தூரிகை.

"சாம்பல் ஒண்ணு. நெளிஞ்ச கோடு," என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். பதில் கேட்கிறவள் போலக் காத்திருந்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பொட்டு வைத்தாள். "அடுத்தது பச்சை. ஓரம் கிழிஞ்சிருக்கு. இதுக்கு என்ன பேரு? என்னங்க, சத்தமா சொல்லுங்க."

கதவின் தாழ்ப்பாள் அவர் கையிலிருந்து நழுவிச் சத்தம் போட்டது. அவள் திரும்பினாள். முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் வழி தெரியாத ஒரு திகைப்பு வந்தது. அது அண்ணனின் முகம். பிறகு கோபமாக எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கட்டோட ஏன் எழுந்து நடக்குறீங்க? கண்ணைத் தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு? எங்கயாவது விழுந்து வெச்சா நான் என்ன பண்ணுவேன்?"

பல்செட்காரர் கண்களை மூடிக்கொண்டார். அவள் நடத்திக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்காரும் இடம் பனியில் ஈரமாக இருந்தது.

"பச்சை. ஓரம் கிழிஞ்சது," என்றாள்.

"இலைமறைச்சான்," என்றார்.

"எழுதிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தான், கட்டு அவுத்துடுவாங்க. அப்புறம் எல்லாம் நீங்களே பாத்துக்கலாம்."

"ம்."

விரல் ஒன்று அவர் கன்னத்தைத் தொட்டது. ரோஸ் கலவையின் காரநெடி மூக்கில் ஏறியது.

"கண்ணுல தண்ணி வருதே. டாக்டர்கிட்ட சொல்லணும்."

"சொல்லலாம்," என்றார் அவர். "ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்."