முந்திரிக்கொட்டையின் விசில்

என் அண்ணனுக்கு எதிலும் அவசரம். அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே ஃப்ரேமை மூக்கில் மாட்டிவிடுவார். கூடைப்பந்து மைதானத்தில் ஒருவரை ஒருவர் இடிக்கும் முன்பே விசில் ஊதிவிடுவார். மற்ற நடுவர்கள் அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. அவரோடு பிறந்த பாவத்துக்கு, மேசையில் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுவது தங்கையான நான். ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் சாவகாசமாக எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் யார் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருப்போம்.

"யோவ் கண்ணாடி, உனக்கே பவர் ஏறிப்போச்சு, மொதல்ல அத செக் பண்ணு!" என்று படிக்கட்டிலிருந்து கத்துவார்கள். அவருக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேல்நிலை நடுவர் தேர்வுக்காக வருடாவருடம் ஒரு மதிப்பீட்டாளர் வந்து ஓரமாக உட்காருவார். தேறினால் பெரிய அரங்கு, பெரிய அணிகள். தேறாவிட்டால் இதே சிமெண்ட் தரை, இதே ஆபீஸ் அணிகள். அண்ணனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே பதில்தான்: விசில் முந்துகிறது, முழுசாகப் பார்த்துவிட்டு ஊதுங்கள். இந்த வருடத்தோடு அவருக்கு வயது வரம்பும் முடிகிறது. இதை விட்டால் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

சரி, மனிதர் தன்னை மாற்றிக்கொள்ளக் கிளம்பினார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி போயிற்று. விடியுமுன் ஓட்டம், வந்ததும் முழங்காலுக்கு ஐஸ், நாள் முழுக்க ஃபோனில் யாரோ ஒருவரின் தன்னம்பிக்கைப் பேச்சு.

"உன்னால முடியும், உன்னால முடியும்னு அந்தாளு காலைலேர்ந்து கத்தறான். இந்தப் பாத்திரத்தக் கழுவ மட்டும் யாராலயும் முடியல," என்றார் அண்ணி.

அப்புறம் அண்ணனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். இடிப்பதைப் பார்த்ததும் ஒருமுறை எச்சில் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊதலாம். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுவிட்டு, வாயில் விசிலோடு சோபாவில் உட்கார்ந்து விழுங்கு விழுங்கென்று விழுங்குவார். போகப்போக எல்லாவற்றுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

"தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட முழுங்கிட்டு யோசிக்கிறாரு. உங்கண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று அண்ணி பயந்தே போனார்.

ஆனால் வைத்தியம் பலித்தது. லேசாகக் கை பட்டும் ஒருவன் தடுமாறாமல் ஓடினால், அவர் ஓடவிட்டார். ஆட்டம் நிற்காமல் போயிற்று, சண்டை குறைந்தது. "இவரா அவரு?" என்று ஒரு கோச் என்னிடமே கேட்டார். அதுவரை எல்லாவற்றையும் கிண்டலடித்த எனக்கே ஆசை வந்துவிட்டது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

தேர்வு ஆட்டம் பஸ் டிப்போ அணிக்கும் ஆஸ்பத்திரி அணிக்கும். மதிப்பீட்டாளர் ஒரு பெண்மணி, போன வருடமும் அவரேதான் வந்திருந்தார். கடைசி நிமிடம் வரை அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. அவர்களுடைய வார்டு பாய், குள்ளமான ஆள், டிப்போக்காரர்களுக்கு நடுவே பந்தோடு புகுந்து எம்பினான். உயரமான மெக்கானிக் ஒருவன் அவன் முன்கையில் ஓங்கி ஒன்று வைத்தான். சத்தம் மேசைவரை கேட்டது. கடிகாரத்தை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நான் விசிலுக்குக் காத்திருந்தேன். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. அதற்குப் பிறகு ஊதினார்.

அவ்வளவுதான், ரகளை.

"பந்து வெளிய விழுந்ததும் ஊதறியே, அவன் அழுவான்னு பாவம் பாத்தியா?" என்று மெக்கானிக் மூஞ்சிக்கு நேராக வந்து நின்றான்.

கொடுத்தது சரியான ஃபவுல்தான். ஆனால் அதை யாரிடம் சொல்வது? வார்டு பாய் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான், ஆஸ்பத்திரி ஜெயித்தது. டிப்போக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டே போனார்கள்.

பந்துகள் போட்டுவைக்கும் அறைக்கு மதிப்பீட்டாளர் வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"ஃபவுல் கரெக்ட் சார். விசில்தான் லேட். பந்து போகுதா இல்லையான்னு பாத்து முடிவு பண்ண மாதிரி ஆயிடுச்சு. கடைசி நிமிஷத்துல இப்படி ஆனா நான் பாஸ் போட முடியாது." போகத் திரும்பியவர், ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, நின்றார். "போன வருஷம் பாத்த ஆளா இருந்தா இத டக்குனு புடிச்சிருப்பீங்க."

"ஆமா மேடம்," என்றார் அண்ணன்.

அந்த அம்மா போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது.

"மாறச் சொன்னதும் இவங்கதான், ஏன் மாறினேன்னு கேக்கறதும் இவங்கதான். நீ என்னடான்னா ஆமா போடற! வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே அண்ணா?"

"அவங்க சொன்னது சரிதாம்மா." சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கை பட்டத நான் பாத்தேன். மூச்சு விசில் வரைக்கும் வந்துடுச்சு. நான்தான் புடிச்சு நிறுத்தினேன்."

"ரெஃப்ரி சார், அடுத்த டீம் ரெடி, வாங்க!" என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்விட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்பப் போய் நான் எப்படி ஊதறது, நீயே சொல்லு. முந்தியா, பிந்தியா? எனக்கே தெரியலம்மா."