முதல் பத்திரிகை

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகை அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையின் உச்சியில் குலதெய்வத்தின் பெயரைப் போட்டு 'துணை' என்று முடிக்க வேண்டும். முதல் பத்திரிகையை அந்தச் சாமியின் காலடியில் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். எங்களுக்கு இண்டூர்ப் பக்கத்து அம்மன். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கும் அவள்தான். இதில் என்ன குழப்பம் வந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தேன்.

மகன்தான் கிளப்பினான். பத்திரிகையின் பின்பக்கத்தில் கோயிலைப் பற்றி நாலு வரி போடலாமாம். பந்திக்கு ஓடுகிறவர்கள் பின்பக்கத்தைப் படிக்கப் போகிறார்களாக்கும்! இருந்தாலும் பிள்ளை ஆசைப்படுகிறானே என்று தருமபுரி நூலகத்துக்குப் போனேன். உள்ளூர் வரலாற்றுக்கென்று அங்கே தனியாக ஒரு அலமாரி. அதில் எங்கள் அம்மனின் கும்பாபிஷேக மலரே கிடைத்துவிட்டது.

நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களைத் தாண்டியதும் வரலாறு வந்தது. அம்மன் ஒரே வம்சத்துப் பங்காளிகளுக்கு உரியவள், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரிலேயே இருப்பவர்கள் என்று போட்டிருந்தது. மறுபடியும் படித்தேன். அது என் மாமியார் பிறந்த ஊர். மாமனாரோ அரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். குலதெய்வம் அப்பா வழியில்தானே வரும்? அப்படியானால் இது எப்படி எங்கள் சாமி?

வெளியே வந்து என் கணவரின் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, நாம கும்புடற சாமி உங்கப்பா வழி சாமிதானுங்களே?"

"இல்லியே. அது எங்கம்மா பொறந்த வூட்டு சாமி. அப்பா வூட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. அங்கியே கும்புட்டுக்கிட்டாரு."

"அப்ப அவரு வழி சாமி எதுங்க?"

"அண்ணந்தம்பிகளோட சண்ட போட்டுக்கிட்டு வந்த மனுசன். அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவாரு. எந்த ஊரு, எந்த சாமின்னு எங்களுக்கு எங்க தெரியும்?"

பால்காரர் மாறிவிட்டதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். நான் நூலகத்துக்குத் திரும்பிப் போய் அரூர்ப் பக்கத்து ஊர் வரலாறுகளையெல்லாம் இறக்கிவைத்துப் புரட்டினேன். ஊருக்கு ஊர் ஒரு சாமி, சாமிக்குச் சாமி பங்காளிகள். எதைப் படித்தாலும் இதுவாக இருக்குமோ என்றது மனசு. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் அப்படியே தோன்றியது.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. என் கணவர் சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது இண்டூர் அம்மன் வாசலில்தான் மண்சோறு சாப்பிட்டேன். அவர் பிழைக்கவில்லை. உரிய சாமியிடம் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ? மாமனாரின் வீம்புக்கு என் தாலியா கிடைத்தது? பைத்தியக்காரத்தனமான யோசனை என்று தெரிந்தது, ஆனாலும் விடவில்லை.

மறுநாள் அச்சகத்துக்காரர் கேட்டார்: "மேல எந்த சாமி துணைன்னு போடறதுங்க?"

"குலதெய்வம் துணைன்னு மட்டும் போடுங்க. பேரு வேணாம்."

முதல் பத்திரிகையை எங்கே வைப்பது என்று எனக்குக் கடைசிவரை தெளியவில்லை. அச்சாகி வந்ததும் கால் பழகின இடத்துக்கே போனது. பூசாரி புதியவர். தட்டை வாங்கிக்கொண்டே கேட்டார்: "பங்காளிங்களா?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

"தெரியலைங்க. எங்க வூட்டுக்காரருக்காக இங்க மண்சோறு சாப்புட்டிருக்கேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பத்திரிகையைக் காலடியில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். எனக்குக் கோபமும் போகவில்லை, கும்பிட்ட கையும் இறங்கவில்லை. என் கணவரைத்தான் காப்பாற்றவில்லை, மகனையாவது பார்த்துக்கொள், நீ யார் வீட்டுச் சாமியோ எனக்குத் தெரியாது, ஆனால் உன்னை விட்டால் வேறு சாமியும் எனக்குத் தெரியாது என்றேன்.