ஆணி அடித்த புளியமரம்

மழைக்காற்றில் விக்கிரமங்கலம் சாலையில் புளியமரம் சாய்ந்து, பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்த ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸில் வந்த நாங்களும் இறங்கி நின்றோம். மரம் அறுக்க வந்தவர் நரைத்த மீசைக்காரர். அவருடைய ரம்ப மெஷின் இரைந்ததே தவிர அறுக்கவில்லை. புகையும் மாவு போன்ற தூளும்தான் வந்தன.

"செயின் லூசாங்க?" என்றேன்.

அவர் வெட்டிய இடத்தைக் காட்டினார். விளம்பரத் தட்டி மாட்டிய ஆணிகள் மரத்துக்குள் புதைந்திருந்தன.

"செயின் பல்லு பூரா மழுங்கிப்போச்சு. ஆணி அடிச்சவன இந்த வண்டியில படுக்க வைக்கணும்."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தீட்டினார். அந்தப் பெண் அலறும்போதெல்லாம் அவர் கை நின்று, பிறகு வேகமெடுத்தது. ஆணி இல்லாத இடம் பார்த்து அறுத்து வழிவிட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பியது.

நாங்கள் கைதட்டினோம். அவர் திரும்பவில்லை. அடுத்த மரத்துத் தட்டியை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம் வந்தும் விடவில்லை. அவர் பெயர்கூடக் கேட்காமல், நானும் போய் தட்டியின் மறுமுனையைப் பிடித்தேன்.