ஷட்டருக்குப் பின்னால் ஓடிய மெஷின்

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். நல்லதல்லாத ஒன்றையும் எழுதப் போகிறேன் என்றதும், "இதெல்லாம் மலர்ல போடுவாங்களாக்கா?" என்றான். பம்மலில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயத்தை மலரில் மட்டும் மறைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்.

அப்பா மதுராந்தகத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். படிப்பைத் தொடர வசதியில்லாமல் பல்லாவரத்துக்கு வந்து, ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். எண்பதுகளின் தொடக்கத்தில், பம்மலில் வீட்டை ஒட்டி சொந்தமாக ஒரு பவர் பிரஸ் போட்டார். இரும்புத் தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டிப் போடும். ஸ்கூட்டருக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. உழைப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. கூட வேலை செய்தவர்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்த பிறகுதான் எங்களுக்கு எடுப்பார். அத்தைகள் இருவருக்கும் தாமே முன்னின்று கல்யாணம் செய்துவைத்தார்.

தொழிலுக்கு வேண்டிய வெளியாட்கள் என்றால் அப்பாவின் நினைப்பில் சரக்கு வாங்கும் கம்பெனி, கடன் கொடுத்த பேங்க், தகடு தரும் வியாபாரி, அவ்வளவுதான். தெரு அதில் சேராது. ஆனால் எங்களைத் தாங்கியது தெருதான். கரண்ட் இணைப்புக்கு ஆள் வந்து அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் உண்டா என்று விசாரித்தபோது, எல்லார் சார்பிலும் இல்லையென்று சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. ரத்த உறவில்லை. தாம்பரம் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அப்பா அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டதால் எங்களுக்குப் பெரியப்பா ஆனார். பிரஸ் அதிர்ந்து அவர் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டபோது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாமே சிமெண்ட் பூசிக்கொண்டார். தகடு ஏற்றி வரும் லாரி எங்கள் குறுகலான தெருவில் திரும்ப, எதிர்வீட்டுக்காரர் தம் கேட்டைத் திறந்து இடம் விடுவார்.

அந்தப் பெரியப்பா ஒருநாள் விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். மகன் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும்; மாலையில் எடுப்பதாக இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பவர் கட், அன்றைக்கென்று கரண்ட் இருந்தது. சாயங்காலத்துக்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டர் அம்பத்தூரில் வேறொரு பட்டறைக்குப் போய்விடும் என்று கம்பெனி அதிகாரி முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்.

அப்பா மாலையோடு போய் அண்ணன் காலடியில் வைத்து வணங்கினார். பெரியம்மாவின் முன்னால் கைகூப்பி நின்று அழுதார். அது பொய்யழுகை இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பட்டறைக்குள் போனார். தெருவில் சாவு விழுந்தால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா முழுசாகவே இறக்கினார். இறக்கிவிட்டு, உள்ளே மெஷினைப் போட்டார்.

அம்மா பதறிப்போய்ப் பின்கட்டு வழியாக ஓடினார். "ஷட்டர்தான் மூடிக்கீதே, அப்புறம் இன்னா? சீக்கிரம் முடிச்சிடறேன்" என்றார் அப்பா. ஷட்டரை மூடினால் மரியாதை முடிந்தது என்று அவர் மனசாரவே நம்பினார். சத்தம் ஷட்டருக்குக் கட்டுப்படாது என்பது அவ்வளவு அனுபவப்பட்ட மனிதருக்குத் தோன்றவில்லை. பாடை தூக்கும்போதுதான் மெஷின் நின்றது. சரக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

யாரும் சண்டைக்கு வரவில்லை, எங்கும் புகார் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கேட் மட்டும் அதன் பிறகு திறக்கவில்லை. லாரி மெயின் ரோட்டிலேயே நிற்க, அப்பா தகடுகளைத் தலையில் சுமந்து வந்தார். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது என்னிடம் ஒருவரும் பேசமாட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த எனக்குத் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. யாருக்காக மெஷினை ஓட்டினாரோ அந்தக் கம்பெனி, கொஞ்ச காலம் கழித்து ஒரே ஒரு போனில் ஆர்டரை அம்பத்தூருக்கு மாற்றிக்கொண்டது.

அப்பா பிறகு பிரஸ்ஸை அனகாபுத்தூர் பக்கம் ஒரு வாடகை ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அடுத்த தெருவில் சாவு என்று கேள்விப்பட்டாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை போனார். "அண்ணி" என்று இவர் வாயெடுத்தாலே அவர் உள்ளே போய்விடுவார். எங்கள் கல்யாணங்களுக்கு அம்மா பத்திரிகை கொண்டுபோனபோது மரியாதையாக வாங்கிக்கொண்டார், வரவில்லை. சிறுநீரகம் கெட்டுப் படுத்த கடைசி வாரங்களில் அப்பா தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனதும், "அண்ணி வந்தாங்களாம்மா?" என்றுதான் கேட்பார். இல்லை என்று சொல்ல என் நாக்கு கூசும்.

அப்பாவின் உடல் வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா வந்தார். எங்கள் வீட்டுக் கேட் அருகே கொஞ்ச நேரம் நின்றார், யாரோடும் பேசாமல் போனார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஷெட் தொழிலாளிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அன்று வந்த வண்டிகளுக்குத் தம் கேட்டைத் திறந்துவிட்ட எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு எப்படி நன்றி எழுதுவதென்று தெரியாமல், போன வாரம் அவரிடமே போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். அதன் பிறகுதான் பேசினார்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதம்மா. அன்னிக்கு எம் பொண்ணு என் மடியில படுத்துகினு அழுதா, அந்தச் சத்தத்துல அவ அழுதது எங்காதுல வுழல. வந்தேன்னு எழுது. வந்தது நெசம்."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பெரியம்மா வந்தார்.

மகள்